ஞாயிறு நிறுத்தினா வெள்ளி செல்ஃப் எடுக்கல: 11 மாச பேட்டரியை மாத்தணுமா?

காவேரிப்பட்டணம் ஆல்டோ · 2025 ஜனவரி 10, இரவு 9.50

ஆல்டோ 800, பெட்ரோல். 35 ஏஹெச் (ஆம்பியர்-மணி, பேட்டரியோட கொள்ளளவு) பேட்டரி, மாத்தி 11 மாசம். வேலை பெங்களூர்ல, வண்டி ஊர்ல வீட்டு முன்னாடி நிக்குது. ஞாயிறு சாயங்காலம் நிறுத்திட்டுப் போனா, வெள்ளி ராத்திரி சாவி திருப்பும்போது டக்டக்டக்னு சத்தம் மட்டும். மீட்டர் போர்டு வெளிச்சம் அப்படியே மங்குது. மெக்கானிக் பேட்டரி போச்சுங்கறார். பேட்டரி கடையில சார்ஜ் போட்டு டெஸ்ட் பண்ணிப் பார்த்து, பேட்டரி நல்லா இருக்கு, வாரண்டியில மாத்த முடியாதுங்கறாங்க. யார் சொல்றதை எடுத்துக்கறது? மல்டிமீட்டரும் 10 நம்பர் ஸ்பேனரும் கையில இருக்கு.

தருமபுரி வயர்மேன் · ஜனவரி 10, இரவு 10.35

கடைக்காரர் சொல்றது சரியா இருக்க வாய்ப்பு அதிகம். அஞ்சு நாள்ல தவறாம இறங்குதுன்னா, ஒன்று பேட்டரி தன்னாலேயே இறங்கணும், இல்ல நிக்கற வண்டி கரண்டைக் குடிக்கணும், இல்ல ஓடும்போது சார்ஜ் ஏறாம இருக்கணும். மூணையும் மீட்டரே பிரிச்சுக் காட்டிடும். அதுவரைக்கும் புது பேட்டரிக்குக் காசு எடுக்காதீங்க.

மீட்டரை டிசி 20 வோல்ட்ல வைங்க. முனையை கிளாம்ப் மேல வைக்காம, நடுவுல இருக்கற ஈயக் குமிழ் மேலயே அழுத்துங்க. எடுக்க வேண்டியது மூணு அளவு:

வண்டி சும்மா நிக்கும்போது ஒண்ணு. 12.6க்கு மேல இருந்தா நிறைஞ்சிருக்கு. 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால் பங்கு. 11.8க்குக் கீழ போனா காலி.

செல்ஃப் அடிக்கும்போது ஒண்ணு. நல்ல பேட்டரி 10 வோல்ட்டுக்கு மேலேயே நிக்கும். நிறைஞ்ச பேட்டரி 9.6க்குக் கீழ விழுந்தா சந்தேகப்படலாம்.

இஞ்சின் ஓடும்போது ஒண்ணு. 13.8லிருந்து 14.7க்குள்ள வரணும். ஹெட்லைட், ஏசி ஃபேன் எல்லாம் போட்டாலும் 13.5க்குக் கீழ வரக்கூடாது.

இப்ப ராத்திரியே முதல் அளவை மட்டும் எடுத்துப் போடுங்க.

காவேரிப்பட்டணம் ஆல்டோ · ஜனவரி 10, இரவு 10.52

10.9.

கிருஷ்ணகிரி பழைய டாக்ஸி · ஜனவரி 10, இரவு 11.10

10.9ன்னா ஒரு செல் போயிடுச்சு. ஆறு செல், ஒவ்வொண்ணும் 2.1. ஒண்ணு செத்தா 10.5தான் மிஞ்சும். மெக்கானிக் சொன்னது சரி.

தருமபுரி வயர்மேன் · ஜனவரி 10, இரவு 11.30

கணக்கு சரிண்ணே, எடுத்த நேரம்தான் தப்பு. அடிமட்டமா இறங்கின நல்ல பேட்டரியும் இதே 10.9தான் காட்டும். சார்ஜ் முழுசா ஏத்தி, ஒரு ராத்திரி கிளாம்ப் கழட்டி வெச்ச பிறகும் 10.5 பக்கத்துலயே நின்னா அப்ப செல் செத்ததுன்னு சொல்லலாம். காலியா இருக்கறப்போ எந்த டெஸ்ட்டும் செல்லாது. கடை மெஷின்ல கூட சார்ஜ் பண்ணிட்டு மறுபடி பாருன்னுதான் வரும்.

ஆல்டோ தம்பி, நாளைக்குக் காலையில பேட்டரியைக் கழட்டி சார்ஜ் போடுங்க. மைனஸ் முதல்ல, பிளஸ் அப்புறம். மாட்டும்போது தலைகீழ்: பிளஸ் முதல்ல, மைனஸ் கடைசி. வண்டி பாடி முழுக்க மைனஸ். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸைக் கழட்டற ஸ்பேனர் எங்கயாவது தகரத்துல பட்டா நூத்துக்கணக்கான ஆம்பியர் அது வழியா ஓடும். ஸ்பேனர் ஒட்டிக்கும், கை வெந்துடும். மோதிரம், காப்பு இருந்தா கழட்டி வைங்க.

பாலக்கோடு டிராக்டர் · ஜனவரி 11, காலை 6.20

கழட்டினதும் டெர்மினலைப் பாருங்க. வெள்ளைப் பொடியோ பச்சைப் பொடியோ பூத்திருந்தா பாதி நோய் அங்கேயே இருக்கும். ஒரு டம்ளர் வெந்நீர்ல ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா. பழைய டூத் பிரஷ்ஷால தேச்சா நுரைச்சு வரும். நுரை நின்னதும் வெறும் தண்ணி ஊத்தி, நல்லா துடைச்சு உலர விடுங்க. சோடா தண்ணி மூடி இடுக்கு வழியா ஒரு சொட்டு கூட செல்லுக்குள்ள போகக்கூடாது, ஆசிட்டை முறிச்சுடும். ஈயக் குமிழையும் கிளாம்ப் உள்பக்கத்தையும் உப்புத்தாளால ஒரு சுத்து. மாட்டி முறுக்கின பிறகு மேலாப்புல வாஸ்லின். கிரீஸை உள்ள பூசிட்டு கிளாம்ப் மாட்டறவங்க நிறைய பேர், அது வேண்டாம்.

வாஸ்லின் பூசியும் பிளஸ் பக்கம் மாசத்துக்கு ஒரு தடவை பூக்குதுன்னா சார்ஜ் அளவுக்கு மேல ஏறுது, இல்ல குமிழ் அடியில சீல் விட்டு ஆசிட் ஆவி கசியுது.

தருமபுரி வயர்மேன் · ஜனவரி 11, காலை 7.05

சார்ஜ் அளவு: ஏஹெச்ல பத்துல ஒரு பங்கு. 35க்கு 3.5 ஆம்பியர். காலியிலிருந்து 12 மணி நேரம் போல ஆகும், ஏத்தறதுல கொஞ்சம் வீணாகும் இல்லையா. 14.4 வோல்ட் தொட்டு, ஆம்பியர் ஒண்ணுக்குக் கீழ இறங்கினா முடிஞ்சது. அவசரத்துக்கு 10 ஆம்பியர் போட்டா தட்டு சூடாகி பேஸ்ட் உதிரும். பேட்டரி பக்கச் சுவரைத் தொட்டா கை பொறுக்கற சூடுதான் இருக்கணும்.

திண்ணையிலோ போர்டிகோவிலோ வைங்க, பூட்டின ரூம்ல வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் கிளம்பும், பீடி சிகரெட் பக்கமே வரக்கூடாது. சார்ஜர் கிளிப்பை மாட்டிட்டு சுவிட்ச் போடணும், சுவிட்ச் அணைச்சுட்டு கிளிப் எடுக்கணும். ஆசிட் கண்ணுல தெறிச்சா உடனே சுத்தமான தண்ணியால 15 நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரி. இதுல யோசிக்க ஒண்ணும் இல்ல.

காவேரிப்பட்டணம் ஆல்டோ · ஜனவரி 11, காலை 8.15

டெர்மினல் சுத்தமா இருக்கு. சார்ஜர் பக்கத்து வீட்டுல வாங்கிட்டேன், 4 ஆம்பியர். ஸ்டிக்கருக்கு அடியில ஆறு மூடி இருக்கு, திறந்தா தட்டுக்கு மேல தண்ணி ஒரு நூல் அளவுதான் நிக்குது. வீட்டுல ஆர்ஓ தண்ணி இருக்கு, ஊத்தலாமா?

பாலக்கோடு டிராக்டர் · ஜனவரி 11, காலை 8.30

வேண்டாம் தம்பி. அதுவும் நம்ம மாவட்டத்துத் தண்ணியா. ஃபுளோரைடு அதிகம்னுதானே ஒகேனக்கல்லிலிருந்து ஊர் ஊரா குழாய் போட்டாங்க. போர் தண்ணியில உப்பு, குளோரைடு, இரும்பு எல்லாம் கிடக்கு. ஆர்ஓ அதைக் குறைக்கும், துடைச்சு எடுக்காது. குடிக்க நல்லா இருக்கணும்னு கொஞ்சம் விட்டும் வைப்பாங்க. இரும்பு போனா பேட்டரி தன்னாலேயே இறங்கும், குளோரைடு போனா தட்டை அரிக்கும். பெட்ரோல் பங்க்ல, பேட்டரி கடையில டிஸ்டில் வாட்டர் கேன் கிடைக்கும், அதையே வாங்குங்க.

ஓசூர் ஷிஃப்ட் · ஜனவரி 11, காலை 9.00

ஏசி வெளியே சொட்டுற தண்ணி? இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அதைத்தான் பாதி ஓசூர் ஊத்துது.

தருமபுரி வயர்மேன் · ஜனவரி 11, காலை 9.20

ஆவி குளிர்ந்து சொட்டுறப்போ அது சுத்தம்தான். அப்புறம் அலுமினிய காயில், செம்பு குழாய், தூசி படிஞ்ச தட்டு, பாசி பிடிச்ச டியூப் எல்லாத்தையும் தடவிட்டுத்தான் பக்கெட்டுக்கு வருது. பேட்டரி விலைக்கு முன்னாடி ஒரு கேன் டிஸ்டில் வாட்டர் விலை என்ன?

தண்ணி ஊத்தறதுக்கு நேரம் உண்டு. சார்ஜுக்கு முன்னாடி தட்டு முங்கற அளவு இருந்தா போதும், மேல ஊத்தாதீங்க. சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும், முன்னாடியே நிரப்பினா மூடி வழியா ஆசிட் பொங்கி வழியும். சார்ஜ் முடிஞ்சு ஆறினதும் மேல் கோடு வரைக்கும் நிரப்பணும். ஆசிட் மட்டும் ஊத்தவே கூடாது. ஆவியாப் போறது தண்ணிதான், ஆசிட் உள்ளயே இருக்கு.

கிருஷ்ணகிரி பழைய டாக்ஸி · ஜனவரி 11, காலை 10.45

பேட்டரி சார்ஜ் ஆகட்டும். இதுக்கிடையில டைனமோ டெஸ்ட்டுக்கு ஒரு சுலப வழி. வண்டி ஓடும்போது மைனஸ்ஸைக் கழட்டு. இஞ்சின் நின்னா டைனமோ போச்சு, ஓடினா நல்லா இருக்கு. அம்பாசடர் காலத்திலிருந்து இதுதான்.

தருமபுரி வயர்மேன் · ஜனவரி 11, காலை 11.10

அண்ணே, அம்பாசடரோட அந்த டெஸ்ட்டையும் வழியனுப்பிடுங்க. ஆல்டர்னேட்டர் (நீங்க டைனமோங்கறது) விடற வோல்டேஜ் மேல கீழ குதிக்காம அமுக்கிப் பிடிக்கறது பேட்டரிதான். ஓடும்போது கழட்டினா ஒரு கண நேரத்துக்கு அது நாப்பது அம்பது வோல்ட்டைத் தாண்டும். கார்புரேட்டர் வண்டியில எரிஞ்சு போக பெருசா ஒண்ணும் இல்ல. இஞ்ஜெக்‌ஷன் வண்டியில இசிஎம் (இஞ்சினை நடத்தற கம்ப்யூட்டர்), ஸ்டீரியோ, ஆல்டர்னேட்டர் டயோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடற பாகம்) எல்லாம் ஆபத்துல நிக்கும். மீட்டர்ல 14.2 பார்க்கறதுக்குள்ள அதே பதில் கிடைச்சுடும்.

டயோடு மேல சந்தேகம்னா மீட்டரை ஏசி (மாறுமின்) வோல்ட்டுக்கு மாத்தி, இஞ்சின் ஓடும்போது பேட்டரி மேலயே வைங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா டயோடு கசியுது. கசியற டயோடு ராத்திரி முழுக்க பேட்டரியையும் குடிக்கும். ஆனா சில மலிவு மீட்டர் ஏசி ரேஞ்ச்ல டிசியையும் சேர்த்துப் படிச்சு இருபத்தஞ்சு முப்பதுன்னு காட்டும். அதைப் பார்த்து பயந்துடாதீங்க.

ஓசூர் ஷிஃப்ட் · ஜனவரி 11, மதியம் 1.30

ஒரு சின்னத் திருத்தம். 13.8லிருந்து 14.7 வரைங்கறது ஆல்டோ மாதிரி வண்டிக்குச் சரி. இப்ப வர்ற சில வண்டிகள்ல மைனஸ் டெர்மினல் மேலயே ஒரு சென்சார் உக்காந்திருக்கும். பேட்டரி நிறைஞ்சுட்டா வேணும்னே 12.6, 12.8க்கு இறக்கும், பிரேக் பிடிக்கும்போது 14.8க்கு ஏத்தும். அதைப் பார்த்து ஆல்டர்னேட்டரைக் கழட்டிடாதீங்க. இப்படி சென்சார் இருக்கற வண்டிக்கு சார்ஜர் மைனஸ் கிளிப்பைக் குமிழ்ல மாட்டாம பாடியில மாட்டணும், இல்லேன்னா சென்சாருக்கு எவ்வளவு ஏறுச்சுன்னே தெரியாது. சிக்னல்ல தானா அணைஞ்சு தானா எடுக்கற வண்டிக்கு இஎஃப்பி இல்ல ஏஜிஎம்னு சொல்ற தனி ரக பேட்டரிதான். சாதா பேட்டரி போட்டா சீக்கிரமே படுத்துடும்.

தருமபுரி வயர்மேன் · ஜனவரி 11, மதியம் 1.50

இது சரி. நான் சொன்ன எண்ணை சென்சார் இல்லாத வண்டிக்குன்னு வெச்சுக்கங்க.

பென்னாகரம் மாமா · ஜனவரி 11, மாலை 4.15

ராத்திரி வந்து இறங்கறவருக்கு அவசரம்னா என்ன வழி? எங்க தெருவுல கிரானைட் லாரி நிக்குது, அதுல கேபிள் போட்டு எடுக்கலாமா?

தருமபுரி வயர்மேன் · ஜனவரி 11, மாலை 4.40

லாரி வேண்டாங்க மாமா. கனரக லாரியில ரெண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையா கோத்து 24 வோல்ட். கார்ல குடுத்தா பல்ப், இசிஎம், பேட்டரி மூணுக்கும் ஒரே நாள்ல கணக்கு முடியும். டிராக்டர் 12 வோல்ட், அது பரவாயில்லை. இன்னொரு கார் இருந்தா இன்னும் நல்லது.

கேபிள் வரிசை: சிவப்பு முதல்ல செத்த வண்டி பிளஸ், மறுமுனை நல்ல வண்டி பிளஸ். கருப்பு நல்ல வண்டி மைனஸ், கடைசி முனை செத்த வண்டி இஞ்சின்ல பெயின்ட் இல்லாத இரும்பு. பேட்டரி மைனஸ் குமிழ்ல மாட்டாதீங்க. கடைசியா மாட்டற இடத்துல பொறி வரும், பேட்டரி மேல ஹைட்ரஜன் இருக்கும். நல்ல வண்டியை ஓட விட்டு அஞ்சு பத்து நிமிஷம் காத்திருந்து செல்ஃப் அடிங்க. எடுத்ததும் வந்த வழியே தலைகீழா கழட்டுங்க. இருநூறு முந்நூறு ரூபாய் கேபிள்ல ரப்பர் தடிமனா, உள்ள செம்பு நூல் மாதிரி இருக்கும். அதுல செல்ஃப் மோட்டார் ஓடாது, கேபிள்தான் சூடாகும். அந்த கேபிள்தான் இருக்குன்னா இருபது நிமிஷம் மாட்டி விட்டு பேட்டரியைக் கொஞ்சம் ஏத்திட்டு அப்புறம் அடிங்க.

பென்னாகரம் மாமா · ஜனவரி 11, மாலை 4.55

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி?

தருமபுரி வயர்மேன் · ஜனவரி 11, மாலை 5.20

அதுவும் 12 வோல்ட்தான், 150 ஏஹெச் டியூபுலர் தாராளமா செல்ஃப் அடிக்கும். அம்பது அறுபது கிலோ இருக்கும், தூக்காதீங்க, வண்டியைப் பக்கத்துல கொண்டு வாங்க. இன்வெர்ட்டரை அணைச்சு, மெயின் பிளக்கைப் பிடுங்கி, இன்வெர்ட்டருக்குப் போற ரெண்டு வயரையும் கழட்டிட்டு அப்புறம் கேபிள் மாட்டுங்க. ரெண்டு பேட்டரி கோத்த வீடா இருந்தா அதுவும் 24 வோல்ட். ஒரு பேட்டரியோட ரெண்டு முனையில மட்டும் எடுக்கணும்.

தள்ளி எடுக்கறதையும் சேர்த்துச் சொல்லிடறேன். இக்னிஷன் ஆன், ரெண்டாவது கியர், கிளட்ச் அமுக்கி, ஓட்டம் பிடிச்சதும் விடணும். இஞ்சின் பிடிக்கற வரைக்கும் பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீரிங்கும் இருக்காது, அதனால இறக்கத்துல பண்ணாதீங்க. சமதளத்துல ரெண்டு பேர் தள்ளினா போதும். பேட்டரி ஏழு எட்டு வோல்ட்டுக்கு இறங்கியிருந்தா பெட்ரோல் பம்ப்பே ஓடாது, தோப்பூர் கணவாய் முழுக்க உருட்டினாலும் எடுக்காது. ஆட்டோமேட்டிக், ஏஎம்டி ரெண்டுக்கும் இந்த வழியே கிடையாது.

காவேரிப்பட்டணம் ஆல்டோ · ஜனவரி 12, காலை 7.30

நேத்து ராத்திரி 10 மணிக்கு சார்ஜ் முடிஞ்சு, வண்டியில மாட்டாம தனியா வெச்சேன். இப்ப 12.65. பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட ஹைட்ரோமீட்டர் (ஆசிட் அடர்த்தி அளக்கற கருவி) இருந்தது. ஆறு செல்லும் வரிசையா 1240, 1245, 1240, 1235, 1240, 1240.

தருமபுரி வயர்மேன் · ஜனவரி 12, காலை 7.50

அப்ப செல் சாகல. ஹைட்ரோமீட்டர்ல ஒரு செல் மத்ததை விட 50 பாயின்ட் குறைஞ்சா அதுதான் கெட்ட செல். உங்களுக்கு மொத்த வித்தியாசமே 10. நம்ம ஊர் சூட்டுக்கு நிறைஞ்ச பேட்டரி 1240, 1250லதான் நிக்கும். புத்தகத்துல 1265, 1280ன்னு போட்டிருக்கேன்னு மெனக்கெட வேண்டாம்.

மாட்டி செல்ஃப் அடிச்சு அடுத்த ரெண்டு அளவையும் சொல்லுங்க.

காவேரிப்பட்டணம் ஆல்டோ · ஜனவரி 12, காலை 8.25

செல்ஃப் அடிக்கும்போது 10.3. ஓடும்போது 14.2, லைட்டு ஏசி எல்லாம் போட்டா 13.9. மீட்டரை ஏசி வோல்ட் ரேஞ்ச்ல வெச்சா 0.04.

கிருஷ்ணகிரி பழைய டாக்ஸி · ஜனவரி 12, காலை 8.40

சரி, பேட்டரி நல்லா இருக்கு. வாபஸ்.

தருமபுரி வயர்மேன் · ஜனவரி 12, காலை 9.10

இனி வண்டி எதைக் குடிக்குதுன்னு பார்க்கறதுதான் வேலை. இதைத்தான் பெரும்பாலும் யாரும் செய்யறதில்ல, நேரம் எடுக்கும்னு. கொஞ்சம் பொறுமையா படிங்க.

மீட்டர் சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாத்துங்க. மலிவு மீட்டர்ல அந்த ஓட்டைக்கு ஃபியூஸ் கிடையாது. மீட்டர் நடுவுல இருக்கும்போது செல்ஃப் அடிக்கறது, இக்னிஷன் போடறது, ஹெட்லைட் போடறது எதுவும் கூடாது. மீட்டர் புகைஞ்சுடும்.

கதவைத் திறந்து வெச்சு, அதோட லாக் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால அமுக்கி மூடின மாதிரி ஆக்குங்க. உள் லைட்டு அணையணும். சாவி வெளியே. பானெட் திறந்தே இருக்கட்டும். மைனஸ் கிளாம்ப்பைத் தளர்த்துங்க, ஆனா உடனே எடுக்காதீங்க. மீட்டர் ஒரு முனை மைனஸ் குமிழ்ல, இன்னொரு முனை கிளாம்ப்ல, முதலைக் கிளிப் போட்டுப் பிடிச்சுட்டு அப்புறம் கிளாம்ப்பை மெதுவா தூக்குங்க. இப்படிச் செஞ்சா கரண்ட் ஒரு நொடி கூட அறாது. அறுந்து திரும்ப வந்தா வண்டியில இருக்கற எலக்ட்ரானிக் பெட்டிகளெல்லாம் முழிச்சுக்கும், நீங்க அளக்கறது அதோட முழிப்பைத்தான்.

முதல்ல ஒண்ணு ரெண்டு ஆம்பியர் கூட காட்டலாம். அரை மணி நேரம் விடுங்க. தூங்கின பிறகு வர்ற எண்தான் கணக்கு. ஆல்டோவுக்கு 20, 30 மில்லியாம்பியர், மீட்டர்ல 0.02, 0.03. எந்த வண்டியானாலும் 50ஐத் தாண்டினா தேடணும்.

கணக்கு எப்படின்னா, 50 மில்லியாம்பியர் ஒரு நாளைக்கு 1.2 ஏஹெச். 35 ஏஹெச் பேட்டரி பாதியாக ரெண்டு வாரம் ஆகும். உங்க வண்டி அஞ்சு நாள்ல அடிமட்டம் போகுது. அப்ப 0.25, 0.3 ஆம்பியர் பக்கம் எங்கயோ போகுதுன்னு அளக்கறதுக்கு முன்னாடியே சொல்லலாம்.

காவேரிப்பட்டணம் ஆல்டோ · ஜனவரி 12, காலை 10.20

0.28. நாப்பது நிமிஷம் ஆச்சு, அசையல.

பாலக்கோடு டிராக்டர் · ஜனவரி 12, காலை 10.25

வயர்மேன் ஜோசியம் பார்த்துட்டாரு.

தருமபுரி வயர்மேன் · ஜனவரி 12, காலை 10.45

வகுத்தல்தான் அண்ணே.

இப்ப ஃபியூஸ் ஃபியூஸா பிடுங்கினா எண் எப்ப விழுதுன்னு தெரியும். ஆல்டோவுக்கு அது போதும். எலக்ட்ரானிக்ஸ் நிறைஞ்ச வண்டிக்குப் பிடுங்கறது ஆகாது, திரும்பச் சொருகும்போது முழிச்சுக்கும். அதுக்கு வேற வழி: மைனஸ்ஸை மாட்டிடுங்க, மீட்டரை 200 மில்லிவோல்ட்ல வெச்சு, ஃபியூஸ் தலையில தெரியற ரெண்டு சின்னப் புள்ளியிலும் முனையை வைங்க. கரண்ட் ஓடாத ஃபியூஸ்ல பூஜ்யம். ஓடற ஃபியூஸ்ல 0.5, 1, 2ன்னு ஏதாவது காட்டும். 15 ஆம்பியர் ஃபியூஸ்ல 1 மில்லிவோல்ட்னா சுமார் 0.2 ஆம்பியர். ஒரு பெட்டி முழுக்க அஞ்சு நிமிஷத்துல பார்த்துடலாம்.

அதுக்கு முன்னாடி, கம்பெனி போடாத சாமான் என்னென்ன இருக்கு? ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபையர், டேஷ் கேமரா, ஜிபிஎஸ், ரிமோட் லாக், ரிவர்ஸ் கேமரா?

காவேரிப்பட்டணம் ஆல்டோ · ஜனவரி 12, காலை 11.30

ஒரு 15 ஆம்பியர் ஃபியூஸ்ல 1.3 காட்டுது, மத்ததுல எதுவும் இல்ல. அதைப் பிடுங்கினா மெயின்ல 0.02 ஆகுது. மூடியில ரேடியோ, உள் லைட்டுன்னு படம் போட்டிருக்கு. வெளியில வாங்கிப் போட்டது தொடுதிரை ஸ்டீரியோ ஒண்ணுதான். போன தீபாவளிக்கு மாட்டினது. யோசிச்சா பிரச்சினையும் அதுக்கப்புறம்தான்.

தருமபுரி வயர்மேன் · ஜனவரி 12, மதியம் 12.00

ஸ்டீரியோவை வெளியே இழுத்து பின்னாடி பாருங்க. மஞ்சள் வயர் எப்பவும் கரண்ட், நினைவு வெச்சுக்க. சிவப்பு வயர் சாவி திருப்பினாதான் கரண்ட் வரணும், செட்டைத் தூக்கத்திலிருந்து எழுப்பறது அதுதான். கருப்பு எர்த். சாவியில வர்ற வயரைத் தேட சோம்பல்பட்டு மஞ்சளையும் சிவப்பையும் ஒண்ணா முறுக்கி டேப் சுத்தறது நிறைய நடக்குது. பட்டனை அமுக்கினா திரை கருப்பாகும், உள்ள இருக்கற ஆண்ட்ராய்டு மட்டும் முழிச்சுட்டே இருக்கும்.

காவேரிப்பட்டணம் ஆல்டோ · ஜனவரி 12, மதியம் 12.40

ஒண்ணாத்தான் முறுக்கியிருக்கு. சிவப்பைப் பிரிச்சதும் 0.02.

ஓசூர் ஷிஃப்ட் · ஜனவரி 12, மதியம் 12.55

அடடா. நான் ஆல்டர்னேட்டர் டயோடுன்னு மனசுக்குள்ள பந்தயம் கட்டியிருந்தேன்.

தருமபுரி வயர்மேன் · ஜனவரி 12, மதியம் 1.15

சிவப்பைச் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்குப் போற வயர்லயோ ஃபியூஸ் பெட்டியில ஏசிசி (சாவியோட முதல் திருப்பம்) ஃபியூஸ்லயோ எடுக்கலாம். எடுக்கற வயர் சாவி ஆஃப்ல 0, ஏசிசியில 12 காட்டணும். அதைப் பார்த்துட்டு இணைங்க. நடுவுல 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒண்ணு. முறுக்கி டேப் சுத்தாம, ஈயம் பத்த வெச்சு, சுருங்கற டியூப் போடுங்க. இந்த டேப் நம்ம ஏப்ரல் வெயில்ல பசை உருகி நழுவிடும்.

பேட்டரியைப் பத்தியும் சொல்லணும். செல்ஃப் அடிக்கற பேட்டரி தட்டு மெல்லிசு, அதிக கரண்டை ரெண்டு விநாடி குடுக்கத்தான் செஞ்சது. அடிமட்டம் வரைக்கும் இறங்கறது அதுக்கு ஆகாது. இறங்கினபடி நாள் கணக்கா நின்னா தட்டுல சல்ஃபேட் கெட்டியாகும், பிறகு சார்ஜ் ஏத்தினாலும் முழுசா கரையாது. வாரா வாரம் இறங்கினதுல கொஞ்சம் கொள்ளளவு போயிருக்கும். கடையில லோடு டெஸ்ட் மறுபடி ஒரு தடவை எடுத்து வைங்க. மெஷின் காட்டற சிசிஏ (குளிர்ல செல்ஃப் அடிக்கக் குடுக்கற ஆம்பியர்) எண்ணை, பேட்டரி மேல அச்சடிச்ச எண்ணோட ஒப்பிட்டா எவ்வளவு போச்சுன்னு தெரியும்.

பென்னாகரம் மாமா · ஜனவரி 12, மாலை 3.30

சல்ஃபேட்டுக்கு எப்சம் உப்பு கரைச்சு ஊத்தினா சரியாகும்னு வீடியோவுல பார்த்தேன்.

பாலக்கோடு டிராக்டர் · ஜனவரி 12, மாலை 4.00

எப்சம் உப்பே மெக்னீசியம் சல்ஃபேட்தான். ஹைட்ரோமீட்டர் எண் ஏறும், வோல்ட்டும் சாயங்காலம் வரைக்கும் அழகா இருக்கும். கொள்ளளவு ஏறாது, வாரண்டியும் போயிடும். சல்ஃபேட் லேசா இருந்தா ஒரு ஆம்பியர், ரெண்டு ஆம்பியர்ல ஒரு நாள் முழுக்க மெதுவா ஏத்தறதுதான் வைத்தியம். கெட்டியாகிட்டா எக்ஸ்சேஞ்ச்.

ஓசூர் ஷிஃப்ட் · ஜனவரி 12, மாலை 5.10

எங்க ஊர்ல ஜனவரி காலைல செல்ஃப் எடுக்கலேன்னா எல்லாரும் குளிரைத் திட்டறாங்க. பேட்டரியைக் கொல்றது மே மாசம். சூடு ஏற ஏற உள்ள அரிப்பு வேகமாகும், தண்ணி வத்தும். குளிர்ல இஞ்சின் ஆயில் கெட்டியாகும், பேட்டரி வேகமும் குறையும், அப்ப குட்டு வெளிப்படும். அதனால ஓசூரை விட தருமபுரியில பேட்டரி சீக்கிரம் போகும்னு நினைக்கறேன். எக்சைடு பேட்டரி தொழிற்சாலை எங்க ஓசூர் பக்கம்தான் இருக்கு, அதுக்காக எங்களுக்கு ஆயுசு ஜாஸ்தின்னு இல்ல.

தருமபுரி வயர்மேன் · ஜனவரி 12, இரவு 8.30

சூடு விஷயம் சரி. நிழல்ல நிறுத்தறது, கோடையில மாசம் ஒரு தடவை தண்ணி மட்டம் பார்க்கறது, இந்த ரெண்டும் எந்த பிராண்டையும் விடப் பெருசு.

மாத்தற நாள் வந்தா: பழைய பேட்டரி மேல 38பி20எல் இல்ல 38பி20ஆர்னு போட்டிருக்கும். கடைசி எழுத்து பிளஸ் எந்தப் பக்கம்ங்கறது. அது மாறினா கேபிள் எட்டாது. இழுத்து எட்ட வைக்கற ஆளும் உண்டு, அப்புறம் கேபிள் பானெட்ல உரசும். பிளஸ் மைனஸ் மாத்தி மாட்டினா மெயின் ஃபியூஸும் ஆல்டர்னேட்டர் டயோடும் அந்த நிமிஷமே போகும். வாரண்டி 18+18ன்னு இருந்தா முதல் 18 மாசம்தான் இலவச மாற்று, அடுத்த 18ல விலையில கழிவு மட்டும். பழசை காயலான் கடைக்குப் போடாம கடையிலேயே குடுங்க, 2022 விதிப்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கறது தயாரிப்பாளர் பொறுப்பு. எக்ஸ்சேஞ்ச் விலையும் கிடைக்கும்.

காவேரிப்பட்டணம் ஆல்டோ · ஜனவரி 17, இரவு 10.05

பொங்கல் முடிஞ்சு வண்டி புதன் காலையிலிருந்து நின்னது. இப்ப 12.5. ஒரே அடியில எடுத்துச்சு. ஒரு கேள்வி: அடுத்த மாசம் மூணு வாரம் ஊருக்கு வர முடியாது. மைனஸ்ஸைக் கழட்டிட்டுப் போகலாமா?

தருமபுரி வயர்மேன் · ஜனவரி 17, இரவு 10.30

0.02ன்னா மூணு வாரத்துக்கு 10 ஏஹெச். கழட்டாமலே எடுக்கும், ஆனா முக்கால் சார்ஜுக்குக் கீழ நிக்கறது பேட்டரிக்கு நல்லதில்ல. கழட்டிட்டே போங்க. கடிகாரமும் ஸ்டீரியோ சேனலும் மறந்துடும், அவ்வளவுதான். ரிமோட் லாக் வேலை செய்யாது, சாவியால பூட்டிட்டு சாவியை வீட்டுல குடுத்துட்டுப் போங்க. கழட்டின கிளாம்ப் குமிழ் மேல திரும்ப விழாதபடி ஒரு துணியைச் சுத்தி வைங்க.

வீட்டுல யாராவது இருந்தா வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொல்லாதீங்க. நின்ன இடத்துல பத்து நிமிஷம் ஓடினா, செல்ஃப் அடிச்சப்போ போனதும் மேல கொஞ்சமும்தான் திரும்ப ஏறும், இஞ்சின் ஆயிலும் சூடாகாது. ஓட்டறதா இருந்தா கிருஷ்ணகிரி வரைக்கும் போய் வரட்டும்.

பென்னாகரம் மாமா · ஜனவரி 18, காலை 6.50

எங்க வண்டி நிக்கும்போது 0.09 ஆம்பியர் காட்டுது. ஃபியூஸ் எதுலயும் இல்ல. எங்க தேடறது?

தருமபுரி வயர்மேன் · ஜனவரி 18, காலை 7.15

ஃபியூஸ் பெட்டியைத் தொடாம பேட்டரியிலிருந்து நேரா போறது ரெண்டு: செல்ஃப் மோட்டார் தடி வயர், ஆல்டர்னேட்டர் வயர். மைனஸ்ஸைக் கழட்டிட்டு, ஆல்டர்னேட்டர் பின்னாடி தடி வயரோட நட்டை எடுத்து, வயர் முனையைத் துணியில சுத்திட்டு மறுபடி அளங்க. 0.09 விழுந்தா டயோடு. விழலேன்னா பானெட்டுக்குள்ள எலி கடிச்ச இடத்தைத் தேடுங்க, பேட்டரி தட்டுக்கு அடியில இருந்து ஆரம்பிங்க.